நட்சத்திரம் கிணறேறி வந்த பதினாறு பக்கம்

செத்துப்போன ஆசிரியரின் நாவலில் பேயை நுழைத்தால் கேட்க ஆளில்லை என்று கண்டுபிடித்தவர் எங்கள் முதலாளி லட்சுமணன். நான் இல்லை. பிற்பாடு பழி முழுக்க என் தலையில்தான் விடிந்தது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டோல்கேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு சந்தில் அவருடைய அச்சகம். கல்யாணப் பத்திரிகை, யூனியன் நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பு, கருமாதிக் கார்டு எல்லாம் அடிப்போம். நான் அங்கே எழுத்துக் கோப்பவள். பெயர் எல்சி. எழுபத்திரண்டில் எனக்கு இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, வாய் கொஞ்சம் நீளம். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி ஒன்பது வருடத்தில் விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. மஞ்சள் தேய்த்தாலும் போகாது.

அந்த வருடம் முதலாளி 'மாசம் ஒரு பேய்' என்று ஒரு பாக்கெட் நாவல் ஆரம்பித்தார். ராயபுரம் ஸ்டேஷன் கடையிலும் ஹார்பர் கேட்டிலும் நன்றாகப் போயிற்று. நாலாவது மாதம், எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்குச் சினிமாவில் வசனம் எழுத இடம் கிடைத்தது. மனுஷர் கோடம்பாக்கம் போனவர் போனவர்தான்.

"பேயில்லாம நாறிப்பூடும் எல்சி" என்று முதலாளி தலையைச் சொறிந்தார். அப்புறம் அவராகவே துள்ளி எழுந்தார். "ஒண்ணு பண்ணலாமா? தாத்தா காலத்து நாவலை எடு. அதுல பேயை வுடு. பழசைப் படிச்சவனுக்கு சிரிப்பு வரும், படிக்காதவனுக்கு பயம் வரும். எப்டி?"

"எழுதறது யாரு மொதலாளி?"

"கோக்குறப்போ எல்லாத்தியும் படிச்சுட்டு, இத்த இப்டி எழுதியிருக்கக் கூடாதுன்னு நொட்டை சொல்லிகினே கீறியே, நீதான்."

எழுதினேன். ஒரு பழைய ஜமீன் கதையில் காணாமல்போன உயிலைத் தேடி, செத்த ஜமீன்தாரையே சுடுகாட்டிலிருந்து பஸ் ஏற்றி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அனுப்பினேன். அங்கே அவரை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். இன்னொரு கதையில் ரங்கூனிலிருந்து திரும்பும் காதலன் கப்பலிலேயே செத்திருப்பான். காதலியிடம் அவன் கவிதை சொல்லும்போதெல்லாம் வாயிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டும். ஹார்பர் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எனக்கும் தலைகால் புரியவில்லை. அட்டையில் வேறு யாரோ ஆண்பிள்ளை பெயர் இருந்தது, அதைப் பற்றிக்கூட நான் கவலைப்படவில்லை.

மூன்றாவதாக வந்ததுதான் 'நட்சத்திரம்மாள் அல்லது பொறுமையின் கிரீடம்'.

எங்கள் மாதா கோயில் பங்கில் அந்தப் புத்தகம் தெரியாத வீடு கிடையாது. ஐம்பது வருடத்துக்கு முன், கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்த யாரோ ஓர் உபதேசியார் எழுதியது. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஜெபமாலையும் மரத்தில் செதுக்கிய மாதா சுரூபமும் இந்தப் புத்தகமும் சீரோடு போயாக வேண்டும். கதை இவ்வளவுதான். நட்சத்திரம் என்ற பெண்ணைப் புருஷன் அடிக்கிறான், பொறுக்கிறாள். மாமியார் பட்டினி போடுகிறாள், அதையும் பொறுக்கிறாள். எண்பத்து மூன்றாம் பக்கத்தில், அடிபட்ட அன்று சாயங்காலம், தண்ணீர் இறைக்கப் போய்க் கால் தவறிக் கிணற்றில் விழுகிறாள். விழுந்தவள் சும்மா சாகவில்லை. எட்டுப் பக்கத்துக்கு எல்லோரையும் மன்னித்துப் பேசிவிட்டுத்தான் சாகிறாள். புருஷன் மனம் திரும்புகிறான், நல்ல இடத்தில் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறான். சுபமாம்! பதினாலு வயதில் முதல் தடவை படித்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அக்கா அடைக்கலமேரிக்கும் அந்தப் புத்தகம் சீரோடு எண்ணூருக்குப் போனது. புருஷன் செல்வநாதன் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வெளியே பார்த்தால் பரம சாது. திருவிழாவில் தேர் தூக்க முதல் தோள் அவனுடையதுதான். வீட்டுக்குள் நுழைந்தால் கை நீளும். ஆறு வருடத்தில் அக்கா மூன்று தரம் ராயபுரத்துக்கு ஓடிவந்தாள். மூன்று தரமும் எங்கள் அம்மா இருதயம்மாள் இரண்டு நாள் சோறு போட்டு, தலையில் எண்ணெய் வைத்து, "நட்சத்திரம் படாததையா நீ பட்டுட்ட?" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டாள். அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. அப்பா போனபிறகு மீன் கூடை சுமந்து எங்களை வளர்த்தவள். வாழாவெட்டி வீடு என்று பங்கில் பெயர் வந்துவிடுமோ என்று அவளுக்கு அப்படியொரு பயம்.

அக்கா அம்மாவிடம் வாய் திறக்க மாட்டாள். என்னிடம் மட்டும், பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி சொல்வாள். ஈர விறகு புகைந்ததற்கு ஒரு நாள் அடி. தெரு நாய்க்குச் சோறு வைத்ததற்கு ஒரு நாள். பொங்கல் அன்று அம்மா வீட்டை நினைத்து அழுததற்கு ஒரு நாள். மீன் குழம்பில் முள் இருந்ததற்கு ஒரு நாள். மீனில் முள் இல்லாமல் மல்லிகைப்பூவா இருக்கும்? நான் பல்லைக் கடிப்பேன்.

"யாராண்டயும் சொல்லாத எல்சி. நான் வெளிய சொன்னேன்னு தெரிஞ்சா அந்தாளு என்னை உயிரோட வுடமாட்டாரு."

"சொல்லமாட்டேன்கா. உன் மேல சத்தியம்."

நாலாவது தடவை அவள் வந்தது செப்டம்பர் கடைசியில். இடது காது வீங்கி நீலமாக இருந்தது. அதே வாரம் பங்குக் கோயிலிலிருந்து எங்கள் அச்சகத்துக்கு வேலை வந்தது. அக்டோபர் ஜெபமாலை மாதத்துக்கு 'நட்சத்திரம்மாள்' புதுப் பதிப்பு.

முதலாளிக்குக் கண் மின்னியது. "ரெண்டு புக்கு, ஒரே எழுத்து! காலைல பக்தியை ஓட்டு. மத்தியானம் அதே எழுத்துல பேயை வுட்டு ஓட்டு. அப்பால கலைச்சுப் போடு."

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பெரிய தாளின் இரண்டு புறமும் சேர்த்துப் பதினாறு பக்கம் அடிப்போம். அதை மடித்தால் ஒரு பாரம். பத்து பாரம் சேர்ந்தால் புத்தகம். எந்த பாரம் எந்தப் புத்தகத்துடையது என்று தெரிய, அதன் முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓர் அடையாளம் இருக்கும். எங்கள் பைண்டிங் கெங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த அடையாளத்தின் உருவத்தைப் பார்த்துத்தான் அடுக்குவாள், ஒரு நாளும் தப்பியதில்லை. நட்சத்திரம் சாகிறவரை கதை ஒன்றுதான், அதனால் முதல் ஐந்து பாரமும் இரண்டு புத்தகத்துக்கும் பொது. ஆறாவதிலிருந்துதான் பேய். ஆறாவதிலிருந்து பேய்ப் புத்தகத்துக்கு நான் அடையாளத்தை மாற்றியாக வேண்டும். ஏழில் மாற்றினேன். எட்டு, ஒன்பது, பத்திலும் மாற்றினேன்.

ஆறில் மறந்துவிட்டேன்.

ஏன் மறந்தேன் என்றால், ஆறாவதை நான் காகிதத்தில் எழுதவேயில்லை. கையில் கோப்புக் கட்டையை வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து எழுத்தை எடுத்து நேராகவே கோத்தேன். காலையில் அக்காவின் காதுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். கை அது பாட்டுக்கு ஓடியது. கிணற்றில் விழுந்த நட்சத்திரம் யாரையும் மன்னிக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஈரப் புடவையோடு ஏறி வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். "அத்தை, பசிக்கிறது, சோறு போடுங்கள்" என்றாள். மாமியார் மயங்கி விழுந்தாள். பிறகு புருஷன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கேள்வி கேட்டாள். ஈர விறகு புகைந்ததற்கு, ஏன் அடித்தீர்கள்? நாய்க்குச் சோறு வைத்ததற்கு, ஏன் அடித்தீர்கள்? அப்படியே வரிசையாக, பதினொரு பக்கம். சத்தியமாவது ஒன்றாவது. பேய்க்கதையை எண்ணூரில் யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி புரூஃப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னா எல்சி, பேய் சொம்மா கேள்வி கேட்டுகினு கீது, வாத்திச்சி மாதிரி. ரத்தம் எங்க?"

சரியென்று வாசற்படியில் நாலு சொட்டு ரத்தம் விட்டேன். அடையாளத்தை மாற்றாமலே மெஷினுக்கு அனுப்பினேன்.

பக்திப் புத்தகம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்தேன். முத்தமிட்டு சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே செல்வநாதன் வெள்ளை வேட்டியில், பங்குப் பெரியவர்கள் இருவரோடு வந்தான். இனிமேல் கை வைக்கமாட்டேன் என்று மாதா மேல் ஆணையிட்டான். போன தரம் அந்தோணியார் மேல் ஆணையிட்டிருந்தான். சனிக்கிழமை அனுப்பி வைக்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை வீட்டில் ரகளை. நான் கத்தினேன், அம்மா அழுதாள், அக்கா பேசாமல் துணியை மடித்துப் பையில் வைத்தாள். "ஏங்கா, உனக்கு சூடு சொரணையே கிடையாதா?" என்றேன். அவள் அடுத்த புடவையை எடுத்து மடித்தாள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. "போ! போய்ச் சாவு!" என்று கத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அச்சகத்துக்கு வந்துவிட்டேன்.

அன்று முழுக்க என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. எழுத்தை மாற்றி மாற்றிப் பெட்டியில் போட்டேன், கெங்கம்மாவிடம் எரிந்து விழுந்தேன். மூன்றரை மணிக்கு ஹார்பரில் வின்ச் ஓட்டும் சிலுவைமுத்து என்பவர் பேய்ப் புத்தகத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"இன்னா மொதலாளி, ஏமாத்து வேலையா? பேய் வரும் வரும்னு பாத்துகினு இருந்தா, அந்தம்மா கிணத்துக்குள்ள எட்டு பக்கம் ஜெபம் சொல்லிகினு கீது! ஷிப்டு முடிச்சுட்டு வந்து படிக்கிறவன் இன்னா கேனையனா?"

முதலாளி புத்தகத்தைப் புரட்டி முழித்தார். நான் பிடுங்கிப் பார்த்தேன். பேய்ப் புத்தகத்துக்குள் பக்தியின் ஆறாம் பாரம். அப்படியென்றால் பேயின் ஆறாம் பாரம் எங்கே போயிருக்கும்? கோயிலுக்குப் போகாமல் மிச்சமிருந்த பக்திப் புத்தகக் கட்டை அவிழ்த்தேன். பதினொன்று இருந்தது. நாலில் நட்சத்திரம் கிணறேறி வந்திருந்தாள்.

"நீ போட்ட குறியைப் பாத்துதானே நான் அடுக்குனேன்?" என்று கெங்கம்மா அழத் தொடங்கினாள். "ரெண்டுலயும் ஒரே குறிதானே கீது!"

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் வெளியே ஓடினேன்.

வீட்டுக்கு நடந்தேனா ஓடினேனா தெரியவில்லை. சுரூபத்துக்குப் பக்கத்தில் புத்தகம் இல்லை.

"அக்காவாண்ட குடுத்து அனுப்பினேன்" என்றாள் அம்மா. "சம்மந்தியம்மா வூட்டுல பழசு செல்லரிச்சுப் போச்சாம். புதுசு பாத்தா சந்தோசப்படுவாங்க. ஏண்டி இப்டி மூச்சு வாங்குது?"

அக்காவின் மாமியார் சிலுவையம்மாள் அந்தத் தெருவின் வாசிப்புக்காரி. ஜெபமாலை மாதத்தில் தினம் ஆறரை மணிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் வீட்டில் கூடுவார்கள். ஜெபமாலை முடிந்து, பிரார்த்தனை முடிந்து, ஞான வாசகம். மருமகள் ஓடிப்போய்த் திரும்பி வந்த ஒவ்வொரு தடவையும் அன்றைய வாசகம் நட்சத்திரத்தின் கிணற்று அத்தியாயம்தான். அக்கா முன்னால் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். இன்றைக்கும் அதைத்தான் வாசிப்பாள். ஈர விறகு, நாய்ச் சோறு, மீன் முள் எல்லாம் ஊர் நடுவே வரும். செல்வநாதன் அங்கேயே உட்கார்ந்திருப்பான். அக்கா வெளியே சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு நிமிஷம் போதும்.

அம்மா கொடுத்தனுப்பிய புத்தகம் நல்ல புத்தகமாகவும் இருக்கலாம். ஏழு நல்லது, நாலு கெட்டது. எண்ணூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

பஸ் ஊர்ந்தது. முன்னால் இரும்புச் சுருள் ஏற்றிய லாரி ஒன்று நகர்வேனா என்றது. திருவொற்றியூர் தேரடியில் கால்மணி நேரம் நின்றது. "ரவ சீக்கிரம் போங்கண்ணே" என்று கண்டக்டரிடம் கெஞ்சினேன். "நீ வேணா எறங்கித் தள்ளும்மா" என்றார். வேறு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அன்றைக்கு நிஜமாகவே இறங்கித் தள்ளலாமா என்று இருந்தது. எர்ணாவூர் தாண்டும்போது புகைக்குழாய்களுக்குப் பின்னால் வெளிச்சம் மங்கிவிட்டது. மணி கேட்டேன். ஆறே முக்கால்.

பஸ்ஸிலிருந்து குதித்துத் தெருவுக்குள் ஓடினேன். வாசலிலேயே பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் நின்றிருந்தாள். அவள் எங்களைப் போல வேதக்காரி இல்லை, ஆனால் வாசகம் கேட்க தினமும் வாசலில் வந்து நிற்பாள். உள்ளே விளக்கடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாயில் முழங்காலிட்டிருந்தார்கள். முன்வரிசையில் அக்கா. கட்டிலில் கைகட்டிக்கொண்டு செல்வநாதன். சிலுவையம்மாள் மூக்குக் கண்ணாடியோடு, வரிக்கு வரி விரலை வைத்து, மந்திரம் ஓதுகிற ராகத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மூன்றாம் நாள் சாயங்காலம், நட்சத்திரம் ஈரப் புடவையோடு கிணற்றிலிருந்து ஏறி வந்தாள்…"

என் கால் வாசற்படியிலேயே ஒட்டிக்கொண்டது.

சிலுவையம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டாள். "இது பழைய புஸ்தகத்துல இல்லியே?"

"புதுப் பதிப்பாச்சே, சேத்திருப்பாங்க" என்றாள் ஒருத்தி. "மூணாம் நாளுன்னு வருதே. ஆண்டவர் உயிர்ப்பு மாதிரி."

"ஆமாமா" என்று சிலுவையம்மாள் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தாள். அவளுக்கு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்க வரும். அர்த்தம் நாலு வரி பின்னால்தான் வந்து சேரும். மாமியார் மயங்கி விழுந்ததை அதே ராகத்தில் வாசித்தாள். பிறகு கேள்விகள் வந்தன.

"ஈர விறகு புகைந்ததற்கு, ஏன் அடித்தீர்கள்?"

கொஞ்சம் முன்னால்தான் அவர்கள் மாதா பிரார்த்தனை சொல்லி முடித்திருந்தார்கள். அதில் ஒருத்தி வரி வரியாகச் சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொரு வரிக்கும் ஒரே பதிலைச் சொல்வார்கள். அதே ராகம், அதே இழுப்பு. பழக்கம் விடவில்லை. பத்துப் பெண்களும் தலைகுனிந்து பதில் சொன்னார்கள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"பொங்கல் அன்று அம்மா வீட்டை நினைத்து அழுததற்கு, ஏன் அடித்தீர்கள்?"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

சிரிப்பு வரவேண்டிய இடம். நானே எழுதியது. அக்காவின் முதுகைப் பார்த்தேன், அது கல்லு போல இருந்தது. கட்டிலில் செல்வநாதன் கட்டிய கையை அவிழ்த்தான்.

"மீனில் முள் இருந்ததற்கு, ஏன் அடித்தீர்கள்?"

இந்தத் தடவை நாலைந்து குரல்தான் வந்தது. மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நாய்க்குச் சோறு வைத்ததற்கு, ஏன் அடித்தீர்கள்?"

யாரும் பதில் சொல்லவில்லை. என் பக்கத்தில் நின்ற பட்டம்மாள் சத்தமாகவே சொன்னாள். "நாய்க்கு சோறு வெச்சதுக்கா? ஐயோ, அது நம்ம மேரி ஆச்சே. சொவத்தாண்ட நின்னு கேட்டுகினுதானே இருந்தேன்."

சிலுவையம்மாளின் விரல் நின்றது. அர்த்தம் வந்து சேர்ந்துவிட்டது. செல்வநாதன் எழுந்து வந்து புத்தகத்தைப் பிடுங்கி மூலையில் எறிந்தான். அக்காவின் முன்னால் போய் நின்றான்.

"யாராண்ட சொன்ன? சொல்லுடி, யாராண்ட போய்ச் சொன்ன?"

கை மேலே போயிற்று. நான்தான் எழுதினேன் என்று கத்த வாயைத் திறந்தேன். என் வாய் நீளம் ஊருக்கே தெரியும். அந்த நேரத்தில் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. இதை நினைத்து இன்னும் கூசுகிறேன்.

அக்கா முழங்காலிலிருந்து எழுந்தாள். அவன் முகத்தைப் பார்த்து, சண்டை போடுகிற குரலில்கூட இல்லை, சும்மா கேட்கிற குரலில் சொன்னாள்.

"புஸ்தகத்துல ஒண்ணு வுட்டுப் போச்சு. மாதா திருநாளுக்கு மொத நாளு. மூணு மாசம், தல சுத்துது, குடம் தூக்க முடியலன்னேன். அதுக்கு அடிச்ச. அன்னிக்கு சாயங்காலமே கலைஞ்சு போச்சு. இத்த நான் யாராண்டயும் சொல்லல. உங்கம்மாவாண்டகூட சொல்லல. இன்னாத்துக்கு அடிச்ச?"

எனக்கும் அது தெரியாது. பாயில் படுத்து கூரையைப் பார்த்து எல்லாம் சொன்னவள் அதை மட்டும் சொல்லவில்லை.

செல்வநாதனின் கை அப்படியே மேலே நின்றது. பத்துப் பெண்களும் அந்தக் கையையே பார்த்தார்கள். "எல்லாரும் வூட்டுக்குப் போங்க, வாசகம் முடிஞ்சுது" என்றாள் சிலுவையம்மாள். ஒருத்தியும் நகரவில்லை. பட்டம்மாள் அந்த வீட்டுப் படியை முதல் தடவையாகத் தாண்டி, செருப்போடு உள்ளே போய், அக்காவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இன்னாத்துக்கு அடிச்ச?" என்று அக்கா மறுபடியும் கேட்டாள்.

அவன் கையை இறக்கினான். தாயைப் பார்த்தான். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அக்கா மூலையில் கிடந்த தன் பையை எடுத்தாள். காலையில் போட்ட முடிச்சு அவிழ்க்காமல் இருந்தது. வாசலில் என்னைப் பார்த்தவள் ஆச்சரியப்படவில்லை. "வா" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் இருப்பு கொள்ளவில்லை. பையை அவள் மடியிலிருந்து வாங்கினேன், திரும்ப வைத்தேன், டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிய்த்தேன்.

"அந்தக் கதை நீ எழுதுனதுதானே?" என்று திருவொற்றியூரில் கேட்டாள்.

"ஆமாக்கா. சத்தியம் பண்ணிட்டு எழுதிட்டேன். தப்புதான். உன் கால்ல வேணா வுயறேன்."

"அது கெடக்கட்டும்." அவள் என் பக்கம் திரும்பினாள். "எதுக்குடி என்னை சாவடிச்ச?"

"பேய்க்கதைக்கா. செத்தாதானே பேயா வரமுடியும்."

"செத்தாதான் கேக்கணுமா?"

பதினொரு பக்கத்துக்கு அவளுக்காகக் கேள்வி கேட்டவள் நான். அதில் ஒன்றைக்கூட அவள் உயிரோடு இருந்து கேட்பாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. உபதேசியாருக்கும் தோன்றவில்லை, அவரைக் கிண்டல் பண்ணிய எனக்கும் தோன்றவில்லை. காலையில் போய்ச் சாவு என்று கத்தியதும் ஞாபகம் வந்தது. டோல்கேட் வருகிறவரை அழுதேன். அக்கா என் முதுகைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தாள். பையோடு நிற்கும் அக்காவைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"காலைலதானே போன? ஏண்டி, ஒரு நாளுகூட பொறுக்க முடியலியா? அந்த நட்சத்திரம் எப்டி…"

"அவ செத்துட்டாம்மா" என்றாள் அக்கா. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். "எனக்கு பசிக்குது. சோறு போடு."

அம்மா என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். இன்னும் வீக்கம் வடியாத அந்தக் காதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக் கழுவினாள்.